உக்ரைன் குழந்தைகள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

உக்ரைனின் டெர்னோபிலில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். 2022இல் போர் தொடங்கியதும் ருமேனியா எல்லை வழியாக ஊர் திரும்பி, மிச்சப் படிப்பை ஜார்ஜியாவில் முடித்தேன். இப்போது ஒரு மாதம் இடைவெளி கிடைக்கும். உக்ரைனில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் தன்னார்வலராக இருக்க ஆசை. படித்தபோது ஹாஸ்டல், வகுப்பு, இந்திய மெஸ் தவிர எதையும் பார்க்கவில்லை. இந்த முறை அந்த மக்களின் வாழ்க்கையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள நினைக்கிறேன். சேவைக்குப் போகும் இடத்தில் இப்படி யோசிப்பது சுயநலமா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

சுயநலமே இல்லை. குழந்தைகள் வார்டில் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது.

போருக்கு முன்பு லிவிவில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுக்குச் சில காலம் போய்வந்தேன். ஈஸ்டர் சமயம். அங்கே அப்போது பிசங்கா எழுதுவார்கள். முட்டை மேல் உருக்கிய தேன்மெழுகால் கோடு போட்டு மஞ்சளில் முக்குவது, மறுபடி மெழுகு, அப்புறம் சிவப்பு, கடைசியில் கறுப்பு. மெழுகுவர்த்திச் சூட்டில் மெழுகைத் துடைத்தெடுத்தால் எல்லா நிறமும் வெளியே வரும். 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை இது. ஆனால் வார்டில் நடக்காது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் தீ கூடாது, கீமோ எடுக்கும் பிள்ளையின் கையில் பச்சை முட்டையைக் கொடுக்கவும் கூடாது. அதனால் மர முட்டையும் தூரிகையும் வாங்கினார்கள். நர்ஸ் ஒவ்வொன்றையும் துடைத்த பிறகுதான் உள்ளே விட்டார்.

ஒரு பையனுக்கு வலது கையில் வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்றும் ஊசிக்குழாய். இடது கையால் வரைந்தான், கோடு கோணிக்கொண்டே போனது. பக்கத்துக் கட்டில் குழந்தையின் பாட்டி, கார்பாத்திய மலைக் கிராமத்துக்காரர், எழுந்து வந்தார். தூரிகையை அசைக்காமல் பிடிக்கச் சொல்லிவிட்டு முட்டையைத் தன் விரல்களால் மெல்லச் சுழற்றினார். கோடு நேராகச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர்ந்தது. கொலோமியாவில் முட்டை வடிவிலேயே கட்டிய பிசங்கா அருங்காட்சியகம் இருக்கிறது, அவசியம் பாருங்கள். ஆனால் திருப்ப வேண்டியது முட்டையை, கையை அல்ல என்று எனக்குத் தெரிந்தது அந்தக் கட்டிலருகில்தான்.

நோய் முதலில் பறிப்பது இப்படிப்பட்ட நாட்களைத்தான். புனித நிக்கோலஸ் திருநாளன்று தலையணைக்கு அடியில் பரிசு இருக்கும் என்று நம்பும் குழந்தை, ஆஸ்பத்திரித் தலையணையிலும் அதைத் தேடும். 2023இல் தேவாலய நாட்காட்டி மாறியதிலிருந்து அந்த நாள் டிசம்பர் 6, முன்பு 19. போர் வந்தபின் வீடும் ஊரும்கூடப் போய்விட்டன. 2024 ஜூலை 8 அன்று கீவின் ஓக்மத்தித் மருத்துவமனையை ஏவுகணை தாக்கியபோது, தலைமுடி கொட்டிய பிள்ளைகள் டிரிப்ஸோடு தெருவில் உட்கார்ந்திருந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாட்டின் மிகப் பெரிய குழந்தைகள் மருத்துவமனை அது.

சரி, ஒரு மாதத்தில் என்ன செய்யலாம்? குழந்தை உங்களோடு ஒட்டிக்கொண்ட நேரத்தில் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். அதனால் அம்மாக்களோடு இருங்கள் என்பேன். அவர்கள் குளித்து, ஒரு மணி நேரம் தூங்கி எழும்வரை குழந்தையின் பக்கத்தில் இருப்பது பெரிய உதவி. சமையலறையில் வரேனிகி செய்யும்போது கூட நில்லுங்கள். உருளைக்கிழங்கு வைத்து, சோமாசி ஓரம் மடிப்பதுபோல் மடிப்பார்கள். கை வேலையில் இருக்கும்போதுதான் அந்தப் பெண்கள் ஊர்க்கதை பேசுவார்கள்.

லேசாகச் சளி இருந்தாலும் வார்டுக்குப் போகாதீர்கள். படம் எடுக்கவே வேண்டாம். டாக்டர் என்றாலும் மருந்து விஷயத்தில் தலையிடாதீர்கள். தனியாகப் போய்க் கதவைத் தட்டாமல், புற்றுநோய்க் குழந்தைகளுக்காகவே இயங்கும் தப்லெட்டோச்கி போன்ற அமைப்புக்கு முதலில் எழுதுங்கள். ரஷ்ய எல்லையை ஒட்டிய கார்கிவ் பக்கத்துக் குழந்தை வீட்டில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்திருக்கலாம். அது எந்த மொழியில் பேசுகிறதோ அதிலேயே பேசுங்கள்.

2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைனுக்கு விமானம் கிடையாது. போலந்தின் ப்ஷெமிஷிலிலிருந்து ரயிலில் லிவிவ் போகலாம். நம் தூதரகம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டில் மறைக்காதீர்கள், ஒருமுறை உங்களுக்காக அவர்கள் பட்டபாடு போதும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் போலந்திலேயே இருங்கள், அங்கும் உக்ரைனியக் குடும்பங்கள் ஏராளம். தேதி முடிவானதும் எழுதுங்கள். லிவிவில் எனக்குத் தெரிந்த செவிலியர் ஒருவர் இன்னும் பணியில் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன்.