நிலத்தடி நீர் ஆர்செனிக் ஆய்வுக்கு எந்தப் பல்கலைக்கழகம்?

வணக்கம். நிலத்தடி நீரில் ஆர்செனிக் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய விருப்பம், பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் க்யூஎஸ் (QS) நிறுவனத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் தரவரிசையை மட்டும் பார்த்து நெதர்லாந்தின் வாகனிங்கன், சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிச் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த எண்ணில் பேராசிரியர்களிடமும் வேலை கொடுப்பவர்களிடமும் எடுக்கும் கருத்துக்கணிப்பும் சேர்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு மண், காடு, காலநிலை, நீர் எல்லாம் ஒரே கணக்கில் வந்துவிடுகின்றன. உங்களுக்கு வேண்டியது நீர் மட்டும்தானே?

2020இல் சயின்ஸ் இதழில் உலக ஆர்செனிக் அபாய வரைபடம் ஒன்று வந்தது. 9.4 கோடி முதல் 22 கோடிப் பேர் வரை பாதிப்புக்கு உள்ளாகக்கூடும், அதில் பெரும்பாலோர் ஆசியர் என்றது. கட்டுரையில் ஆசிரியர் பெயர்களுக்குக் கீழே இருக்கும் முகவரியைப் பாருங்கள்: சூரிச்சை ஒட்டிய டூபென்டார்ஃபில் உள்ள எயாவாக் நீர் ஆய்வு நிறுவனம். அது ஈடிஎச்சின் சகோதர நிறுவனம். அங்குள்ள ஆய்வாளர்கள் சிலர் ஈடிஎச்சில் பேராசிரியர்களும்கூட. பல்கலைக்கழகப் பட்டியலில் எயாவாக் என்ற பெயரே இருக்காது!

ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் ஓப்பன்அலெக்ஸ் (OpenAlex) தளம் இலவசம். ஆர்செனிக், நிலத்தடி நீர் இரண்டையும் ஆங்கிலத்தில் போட்டு, கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளை மட்டும் எடுங்கள். திரும்பத் திரும்ப வரும் ஆய்வுக் குழுக்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரைகளில் முதல் பெயராக வரும் ஆசிரியர்களில் எத்தனை பேர் மாணவர்கள் என்றும் பாருங்கள், நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். பிறகு அந்தக் குழுத் தலைவருக்கே நேரடியாக மின்னஞ்சல் போடுங்கள்.