வாத்துகளுக்கு நரி பயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இழப்பைத்தான் சொல்கின்றன. காலையில் கூண்டைத் திறந்தால் எண்ணிக்கை குறைகிறது. எழுதுபவர்கள் மூன்று விவரங்களைச் சேர்த்தால் சரியான பதில் சொல்ல முடியும்: வலையின் கட்டம் எத்தனை அங்குலம், இழப்பு இரவிலா பகலிலா, மிச்சம் என்ன கிடந்தது. இந்த மூன்றும் பல கடிதங்களில் இல்லை.

கேள்வி: எங்கள் வாத்துகளை ஏதோ ஒன்று தின்றுவிடுகிறது. உடனே ஒரு வழி சொல்லுங்கள்.

எது என்று தெரியாமல் வழி சொல்ல முடியாது. இனி இழப்பு நேர்ந்தால் கூட்டிப் பெருக்குவதற்கு முன் தரையைப் பாருங்கள். வாத்தே இல்லை, ஓரிரு இடத்தில் கொத்துக் கொத்தாக இறகு மட்டும் கிடக்கிறது என்றால் நரியாக இருக்க வாய்ப்பு அதிகம். நரி கவ்விக்கொண்டு போய்விடும். பல வாத்துகள் உடம்பெல்லாம் கடிபட்டு, தின்னப்படாமல் சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் நாய்தான். ஆனால் அடைத்த கூண்டுக்குள் நரி நுழைந்தாலும் தேவைக்கு மேல் கொல்லும் என்பதால் கால்தடத்தையும் பாருங்கள். கழுத்திலோ தலையிலோ சிறிய பல்தடம் இருந்தால் கீரி, மரநாய் போன்றவை. வலையை ஒட்டிப் படுத்த வாத்தின் தலை மட்டும் போயிருந்தால், ஏதோ ஒரு மிருகம் வெளியிலிருந்தே கையை விட்டு இழுத்திருக்கிறது. ஒரே இடத்தில் வட்டமாக இறகு பிடுங்கப்பட்டு மார்புக்கறி மட்டும் போயிருந்தால் பருந்து வகை. குஞ்சு செத்துக் கிடக்கிறது, தலையும் கழுத்தும் நனைந்து ஒட்டியிருக்கின்றன என்றால், விழுங்கப் பார்த்து முடியாமல் பாம்பு விட்டுவிட்டுப் போயிருக்கிறது. குஞ்சு எண்ணிக்கை தினம் ஒன்றிரண்டாகக் குறைந்து, சுவர் ஓரம் வளையும் இருந்தால் பெருச்சாளியைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: கூண்டைச் சுற்றிப் புதிதாகக் கோழிவலை அடித்தோம். ஒரே வாரத்தில் நரி கிழித்துக்கொண்டு உள்ளே வந்து ஐந்து வாத்துகளைக் கொன்றுவிட்டது. வலை தரமில்லாததா?

வலையின் தரத்தில் குறை இல்லை. அது அந்த வேலைக்கான வலையே இல்லை. இதைப் பலமுறை எழுதியாயிற்று, ஆனாலும் ஒவ்வொரு முறையும் இதே கடிதம் வருகிறது. ஒவ்வொன்றிலும் ஐந்தோ பத்தோ வாத்து செத்திருக்கிறது. அதனால் முழுவதும் சொல்கிறேன்.

அறுகோணக் கோழிவலை பறவையை உள்ளே நிறுத்தத்தான் ஆகும், மிருகத்தை வெளியே நிறுத்தாது. அதன் கம்பி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டிரண்டு கம்பியாக முறுக்கியே பின்னியிருப்பார்கள், எங்கும் பற்றவைப்பு கிடையாது. ஒரு கம்பி அறுந்தால் பக்கத்து முறுக்கும் தளர்ந்து ஓட்டை பெரிதாகும். நரியும் நாயும் பல்லால் கவ்விப் பின்னால் இழுத்தாலே போதும். வாத்து இருக்கும் இடம் எப்போதும் ஈரமாக இருக்கும். எச்சமும் தண்ணீரும் சேர்ந்து அடிப்பகுதித் துத்தநாகப் பூச்சைச் சீக்கிரம் தின்றுவிடும். மேலே பளபளவென்று இருக்கும் வலை தரையோரம் இற்றுப் போயிருக்கும், காலால் உதைத்துப் பார்த்தால் தெரியும்.

இரவுக் கூண்டுக்கு வேண்டியது அரை அங்குலச் சதுரக் கட்டம் கொண்ட, பற்றவைத்த, துத்தநாகம் பூசிய வலை. கம்பி 19 கேஜ், அதாவது சுமார் ஒரு மில்லிமீட்டர். அதைவிடத் தடிமனானால் இன்னும் நல்லது. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லிதாகும் என்பதை வாங்கும்போது மறக்க வேண்டாம். ஓர் அங்குலக் கட்டம் போதாதா என்று கேட்பார்கள். நரிக்குப் போதும். ஆனால் பெருச்சாளிக் குட்டியும் மெல்லிய பாம்பும் அதில் நுழையும். அரை அங்குலத்தில் நுழையக்கூடிய பாம்பு வாத்து முட்டையை விழுங்கும் அளவு பெரிதாக இருக்காது.

பொருத்துவதிலும் அதே கவனம் வேண்டும். நல்ல வலையை வாங்கிவிட்டு ஸ்டேப்ளர் பின் அடித்து நிறுத்துகிறவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். பின்னை நாய் ஒரே தள்ளில் பிடுங்கிவிடும். மரச் சட்டமானால் அகலமான வாஷர் போட்டுத் திருகாணி, அரை அடிக்கு ஒன்று. இல்லாவிட்டால் வலை விளிம்பின்மேல் மரப்பட்டி வைத்துத் திருகி இறுக்குங்கள். வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் அடியுங்கள். அப்போது மிருகம் தள்ளினால் வலை சட்டத்தின்மேல்தான் அழுந்தும். உள்பக்கம் அடித்தால் தள்ளத் தள்ளத் திருகாணி கழன்று வரும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் வரை பலகையோ தகடோ வைத்து மறையுங்கள். வாத்து தரையில்தான் படுக்கும், அதுவும் ஓரத்தை ஒட்டிப் படுக்கும். வெளியிலிருந்து தெரியக் கூடாது, கை எட்டவும் கூடாது.

வீட்டில் இருக்கும் கோழிவலையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பகலில் மேயும் இடத்தைப் பிரிக்க வைத்துக்கொள்ளுங்கள். இரவுக்கு மட்டும் அது கூடாது.

கேள்வி: வலை நன்றாகத்தான் இருக்கிறது. அடியில் பள்ளம் தோண்டி நுழைகிறது.

வேலியின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டடி அகலத்துக்கு அதே வலையைத் தரையில் விரித்து, வேலியோடு கம்பியால் கட்டுங்கள். கட்டுக்குக் கட்டு நாலு அங்குல இடைவெளி. அடிக்கொரு முளை அடித்து, மேலே கொஞ்சம் மண் போடுங்கள், புல் முளைத்து மூடிக்கொள்ளும். நரி வேலியின் காலடியில்தான் தோண்ட ஆரம்பிக்கும், அங்கே நகம் வலையில் படும். இரண்டடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. குழி வெட்டி நேராகப் புதைப்பதானால் ஒன்றரை அடி ஆழமாவது வேண்டும், உழைப்பும் அதிகம். கூண்டு சிறியதென்றால் தரைக்கே சிமெண்ட் போட்டுவிடுங்கள், கழுவவும் எளிது.

கேள்வி: கோழிகள் இருட்டினால் தானாக அடைகின்றன, வாத்துகள் குளத்தைவிட்டு வருவதில்லை. வெளிச்சம் குறைந்தால் தானாக மூடும் கதவு வாங்கலாமா?

வாத்துக்குத் தனியாக வாங்காதீர்கள். கோழிக்கு இருக்கும் அடையும் பழக்கம் வாத்துக்குக் கிடையாது. இருட்டிலும் சுறுசுறுப்பாக மேயும். கதவு சரியான நேரத்துக்கு மூடிக்கொள்ளும், வாத்துகள் வெளியே நிற்கும். அதைவிட ஆபத்து, மூடியாயிற்று என்று நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள்.

மாலைத் தீவனத்தைக் கூண்டுக்குள் மட்டும் வையுங்கள், வெளியே ஒரு மணிகூடப் போடக் கூடாது. இரண்டு பக்கமும் நீளக் குச்சியைப் பிடித்து மெதுவாக ஓட்டுங்கள், துரத்தக் கூடாது. வாசல் ஒன்றரை அடி அகலமாவது இருக்கட்டும். வாத்துகள் கூட்டமாகத்தான் நுழையும். படிக்குப் பதில் சரிவுப் பலகை, ஓரடி உயரத்துக்கு மூன்று நான்கடி நீளம். உள்ளே இருட்டாக இருந்தால் தயங்கும், அடைக்கும் வரை ஒரு விளக்கு எரியட்டும். இரண்டு வாரம் ஒரே நேரத்தில் செய்தால் தானாக வாசலில் வந்து நிற்கும். பிறகு எண்ணுங்கள். தினமும் எண்ணுங்கள். இருட்டுவதற்கு முன் எண்ணுங்கள்.

காலையில் எட்டு, ஒன்பது மணிக்குத் திறந்தால் போதும். விடியற்காலையும் நரி சுற்றும் நேரம். பெரும்பாலான முட்டையும் அதற்குள் கூண்டிலேயே விழுந்துவிடும்.

கேள்வி: வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுத்தால் நரி பக்கத்தில் வருமா?

கூடவே கூடாது. அதில் மனிதர் செத்துப்போவார்கள். குழந்தை தொட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் தொட்டாலும் ஒன்றுதான். சட்டப்படியும் குற்றம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்தப் பக்கத்தை வைத்துவிட்டு முதலில் போய்க் கழற்றுங்கள்.

கேள்வி: எனர்ஜைசர் (உயிருக்கு ஆபத்தில்லாத அதிர்ச்சியை விட்டு விட்டுக் கொடுக்கும் மின்வேலிக் கருவி) வைத்த மின்வலை போட்டிருக்கிறோம். முதல் மாதம் நன்றாக இருந்தது. இப்போது நரி தாண்டி வருகிறது.

புல் வளர்ந்திருக்கும். ஈரப் புல் அடிக் கம்பியில் பட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். வலை ஓரத்தில் ஓரடி அகலத்துக்குப் புல்லைச் சுத்தமாக வெட்டுங்கள். அடுத்து எர்த் கம்பி: மூன்றடியாவது மண்ணுக்குள் போக வேண்டும். காய்ந்த மண்ணென்றால் தண்ணீர் ஊற்றுங்கள், பத்தடி தள்ளி இரண்டாவது கம்பி அடித்து இணையுங்கள். எனர்ஜைசருக்குப் பக்கத்தில் அளந்துவிட்டுத் திருப்திப்படாமல், வலையின் கடைசி முனையில் அளவுகருவி வைத்துப் பாருங்கள். 4,000 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 3,000க்குக் கீழே போனால் நரி மதிக்காது. குஞ்சுகள் இருக்கும் இடத்தில் மின்வலை வேண்டாம், சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: குளத்து நடுவில் மேடு இருக்கிறது. அங்கேயே இரவு விட்டால் பாதுகாப்புதானே?

இல்லை. நரியும் நாயும் நீந்தும்.

கேள்வி: முட்டையைப் பாம்பு தின்கிறது. அந்துருண்டை போட்டால் போகுமா?

போகாது. அந்துருண்டை பாம்பைத் தடுக்காது. வாத்து கண்டதையும் வாயில் போடும், அதற்குத்தான் விஷம். பாம்பு எலியைத் தேடியும் வருகிறது, எலி சிந்திய தீவனத்தைத் தேடி வருகிறது. தீவனத்தை மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். கூண்டு ஓரத்தில் விறகு, கல், ஓடு அடுக்காதீர்கள். முட்டையைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள். வலை அரை அங்குலம், இங்கேயும் அதேதான்.

கேள்வி: பகலில் காக்கையும் பருந்தும் குஞ்சுகளைத் தூக்குகின்றன.

ஆறு வாரம் வரை குஞ்சுகளை மேலே வலை போட்ட அடைப்பில்தான் விட வேண்டும். காக்கைக்கு ஓர் அங்குலக் கட்டம், பருந்துக்கு மட்டுமென்றால் இரண்டு அங்குலம் போதும். வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள், தொங்கினால் மற்ற பறவைகளும் பாம்பும் மாட்டிச் சாகும். பளபளக்கும் நாடா, பொம்மை, மினுக்கும் விளக்கு எல்லாம் சில நாளைக்குத்தான், பிறகு அதன்மேலேயே காக்கை உட்காரும்.

கேள்வி: மீனில் விஷம் வைத்து நரியை ஒழிக்கலாமா?

வேண்டாம். பல நாடுகளில் இது சட்டப்படி குற்றம், அதோடு பயனும் இல்லை. ஒரு நரி போனால் காலியான இடத்துக்கு இன்னொன்று வரும், உங்கள் ஓட்டைக் கூண்டு அப்படியே இருக்கும். நடுவில் நாயும் ஆந்தையும் சாகும். எலி மருந்திலும் இதே கவனம் தேவை. இரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அதை வாத்து விழுங்கினால் வாத்துக்கும் ஆபத்து.

கேள்வி: நாயிடமிருந்து காப்பாற்றிய வாத்து, முதுகில் ஆழமான கடி. மஞ்சள் பூசினோம். வேறு என்ன செய்ய?

முதலில் இருட்டான, வெதுவெதுப்பான பெட்டியில் தனியாக வையுங்கள். அதிர்ச்சியிலேயே பல வாத்துகள் இறந்துபோகின்றன. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்புப் போட்டு, காயத்தைத் தாராளமாகக் கழுவுங்கள். பொவிடோன் அயோடினை இளந்தேநீர் நிறம் வரும் வரை நீர்த்து ஊற்றுங்கள். பல் இறங்கிய துளையைத் தைத்து மூடக் கூடாது, சீழ் உள்ளேயே தங்கும். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பூனைக் கடியானால் கட்டாயம், வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் கிருமி வேகமாகப் பரவும். காயம் மூடும் வரை குளத்தில் விடாதீர்கள், ஈ மொய்க்காமல் பாருங்கள், நேரமானால் புழு வைத்துவிடும். மருந்து கொடுக்கும் நாட்களில் முட்டையைச் சாப்பிடலாமா என்பதை மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி: பெருவாத்து (கூஸ்) இரண்டு வளர்த்தால் காவலாகுமா?

சத்தம் போடும், காக்கையையும் விரட்டும். நரியோடு சண்டையிட்டு ஜெயிக்காது. இரவில் அதையும் அடைக்க வேண்டும்.

கேள்வி: பூட்டிய கூண்டில் இரவு முழுக்கத் தீவனமும் தண்ணீரும் வேண்டாமா?

வளர்ந்த வாத்துக்கு வேண்டாம், இரண்டையும் சேர்த்து எடுத்துவிடலாம். தண்ணீர் இல்லாமல் தீவனம் மட்டும் வைப்பதுதான் தவறு, தொண்டையில் அடைக்கும். குஞ்சுகளுக்கு இரண்டும் வையுங்கள். கூண்டு நனைந்தால் மூச்சுக் கோளாறு வரும், ஆகவே வாத்தின் தலைக்கு மேலே காற்றுத் துவாரம் விட்டு, அதற்கும் அரை அங்குல வலை அடியுங்கள். ஒரு வாத்துக்கு நாலு சதுர அடி இடம். கதவுக்கு வெறும் கொக்கி போதாது. தாழ்ப்பாள் போட்டு அதில் பூட்டோ கிளிப்போ மாட்டுங்கள்.