1930 என்று போட்டிருந்தால் அது முதல் பதிப்பா?

கேள்வி: மயிலாடுதுறையில் எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் சிறுவர் துப்பறியும் கதைகள் கிடைத்தன. நான்சி ட்ரூ வரிசையின் முதல் கதை, நீலத் துணி அட்டை, காப்பிரைட் 1930. ஃபேமஸ் ஃபைவ் வரிசையின் முதல் கதை, 1942. பைண்டு செய்த தமிழ்க் கதைகள் இரண்டு. இவை முதல் பதிப்புதானா? சில படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிரிக்கலாமா?

பதில்: ஒட்டிய பக்கங்களில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

காப்பிரைட் ஆண்டு என்பது கதைக்கு உரிமை பெற்ற ஆண்டு. உங்கள் பிரதி எப்போது அச்சானது என்பதை அது சொல்லாது. நான்சி ட்ரூவை வெளியிட்ட கிராசெட் அண்ட் டன்லப், பல ஆண்டுகள் கழித்து மறுபடி அச்சடித்தபோதும் அதே 1930ஐத்தான் போட்டது. எத்தனையாவது அச்சு என்று குறிக்கவில்லை. ஆகவே ஒன்றைத்தான் தேட வேண்டும்: புத்தகத்தில் அச்சாகியிருப்பவற்றில் ஆகப் பிந்திய சங்கதி எது? அதைவிடப் பழையதாக உங்கள் பிரதி இருக்க முடியாது.

இந்த வரிசைக்கு அந்தச் சங்கதி பெரும்பாலும் விளம்பரப் பக்கத்தில் இருக்கும். முன்னும் பின்னும், மேலுறையின் (அட்டைக்கு மேல் போடும் தனிக் காகித உறை) மடிப்பிலும் வரிசையின் மற்றக் கதைகளைப் பட்டியல் போட்டிருப்பார்கள். முதல் மூன்று கதைகள் 1930இல் ஒன்றாகவே வெளிவந்தன. பத்தாவது கதை 1933இல் வந்தது. பட்டியல் பத்தாவது கதை வரை நீண்டால், காப்பிரைட் என்ன சொன்னாலும் உங்கள் பிரதி 1933ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ அச்சானது. ‘விரைவில்’ என்ற குறிப்போடு இருக்கும் தலைப்பை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அடுத்து அத்தியாயங்களை எண்ணுங்கள். பழைய மூலத்தில் 25. 1959இல் தொடங்கிய திருத்தப் பதிப்புகளில் 20. இருபது இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே தேவையில்லை. மஞ்சள் முதுகும் அட்டையிலேயே அச்சான படமும் 1962க்குப் பிந்தியவை. ஆரம்ப அச்சுகளில் வழவழப்பான தாளில் நான்கு படங்கள் இருக்கும், அட்டையின் உள்தாள் வெறுமையாக இருக்கும். பிந்திய அச்சுகளில் முகப்புப் படம் ஒன்றுதான், உள்தாளில் சித்திரம் வந்துவிடும்.

ஃபேமஸ் ஃபைவ் இதைவிட எளிது. ஹாடர் அண்ட் ஸ்டோட்டன் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் அச்சு வரலாற்றைக் கொடுக்கும். 1942 என்ற ஒற்றை வரியோடு நின்றால் நல்ல அறிகுறி. அதன்கீழ் மறு அச்சு ஆண்டுகள் இருந்தால் கடைசி ஆண்டுதான் உங்களுடையது. நைட் புக்ஸ் (Knight Books) பெயரில் வந்த பேப்பர்பேக் 1942ஆக இருக்க வழியே இல்லை. விலை பழைய ஷில்லிங் கணக்கில் இல்லாமல் புதிய பென்ஸ் (pence) கணக்கில் மட்டும் இருந்தால் 1971 பிப்ரவரிக்குப் பிந்தையது.

மேலுறை இருந்தால் அதைத் தனியாகவும் சோதியுங்கள். ஒரு பிரதியின் உறையை இன்னொன்றுக்கு மாட்டுவது சகஜம். உறையில் உள்ள பட்டியலும் உள்ளே உள்ள பட்டியலும் ஒத்துப்போக வேண்டும். சந்தையில் விலையின் பெரும்பங்கு உறைக்குத்தான். கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

தமிழ்த் தொகுதிகளில் வேலை அதிகம், சுவாரசியமும் அதிகம். முதலில், அது புத்தகமா, பத்திரிகைத் தொடரைக் கிழித்துச் சேர்த்த பைண்டா என்று பாருங்கள். இரண்டு மூன்று பத்தியாக அச்சு, தாவிப் போகும் பக்க எண், அடியில் ‘தொடரும்’, தலைப்புப் பக்கமே இல்லாமை: இவை இருந்தால் அது தொடர். நூலாக வருமுன் அச்சான வடிவம் என்பதால் முதல் பதிப்பு என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. ஆனாலும் வாரா வாரம் வந்த ஓவியங்கள் பல சமயம் நூலில் விடுபட்டுப்போயின. அந்த ஓவியங்களுக்காகவே அதைக் காப்பாற்ற வேண்டும்.

நூலாக இருந்தால் ‘முதற் பதிப்பு’ வரியைத் தேடுங்கள். அந்தப் பக்கம் போயிருந்தால் விலை கைகொடுக்கும். ரூ. 1-8-0 (ஒரு ரூபாய் எட்டணா) என்று அணாக் கணக்கு இருந்தால் 1957 ஏப்ரலை ஒட்டியோ அதற்கு முன்போ அச்சானது. நயா பைசா என்றால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்ட காலம். வெறும் பைசா என்றால் அதற்குப் பிறகு. புது விலையைச் சீட்டாக ஒட்டியிருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அடியில் இருப்பதைப் படியுங்கள். பதிப்பக முகவரியில் ‘சென்னை-17’ போல இருந்தால் பழசு. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்டுக்குப் பிறகு வந்தது. லை, னை போன்றவை பழைய தும்பிக்கை வடிவில் இல்லாமல் இன்றைய வடிவில் இருந்தால், பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய அச்சு.

விரலாலும் சோதிக்கலாம். ஈய எழுத்தில் அச்சான தாளின் பின்புறம் தடவினால் எழுத்து அழுந்திய தடம் தெரியும். பழைய பதிப்பைப் படமெடுத்து ஆப்செட்டில் அடித்த மறுபதிப்பில் அந்தத் தடம் இருக்காது.

எதற்காகவும் மறுபடி பைண்டிங்குக்குக் கொடுக்காதீர்கள். பழைய அட்டையையும் விளம்பரத் தாளையும் உரித்துவிட்டு ஓரத்தை மெஷினில் சீவினால் மேலே சொன்ன சான்றுகளில் பாதி குப்பைக்குப் போய்விடும்.

இனி ஒட்டிய படங்கள். வழவழப்புத் தாளின் மேல்பூச்சு ஈரம் பட்டால் பசையாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாப் பகுதியின் பரணில் இது நடக்காமலிருந்தால்தான் ஆச்சரியம். ஈரம் காய்ந்து இறுகிய படங்களை இழுத்தால் பூச்சோடு படமும் உரிந்துவரும். அவற்றை ஆவணப் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றப் பக்கங்களை வெயிலில் வைக்காமல் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயில் முதுகுத் துணியை வெளிறச் செய்யும். பைண்டிங்கில் தடவிய மைதாப் பசைக்கு ராமபாணப் பூச்சி வரும் என்பதால் டிரங்குப் பெட்டியில் திரும்ப வைக்காமல், சுவரில் ஒட்டாத திறந்த அலமாரியில் நிறுத்துங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை வேண்டாம். உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

விலை கேட்டு யாரையும் அணுகுமுன் தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், எல்லா விளம்பரப் பக்கங்கள், அட்டையின் இரு உள்தாள்கள், முதுகு, மேலுறை மடிப்புகள் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். முன்னட்டைப் படம் ஒன்றை மட்டும் பார்த்து விலை சொல்பவரிடம் விற்க வேண்டாம்.