அப்பாவின் வண்டியைப் பிரிக்கும் பையனை என்ன படிக்க வைப்பது?

அம்மா, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததிலிருந்து உங்கள் மகன் அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டர் பைக்கே கதி என்று கிடக்கிறான், இவன் எதிர்காலம் என்னாகுமோ என்று கேட்டிருந்தீர்கள். அவனைத் தடுக்காதீர்கள். இந்த விடுமுறையில் அவன் எப்படி வேலை பார்க்கிறான் என்று மட்டும் கவனியுங்கள். நட்டைக் கழற்றி மாட்டுவது யாருக்கும் சீக்கிரம் கைவந்துவிடும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். அதற்கான பொறுமை அவனிடம் இருக்கிறதா என்று வீட்டு வண்டியை வைத்தே பார்த்துவிடலாம்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். எடுத்ததும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் கை வைக்கிறான் என்றால் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, ஹாரன் சத்தமாக அடிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஹாரன் முனகி, செல்ஃப் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் 'டக் டக்' என்று மட்டும் கேட்டால் பேட்டரியைச் சோதிக்கலாம். வோல்ட் அளக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் காட்டும். எஞ்சின் ஓடி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகும்போது அது 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சார்ஜிங் பக்கம்தான் சந்தேகப்பட வேண்டும். இதைப் பார்க்காமல் புது பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் படுத்துவிடும்.

அப்புறம் பிளக், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கத் தீப்பொறி தரும் பாகம். எஞ்சின் ஆறிய பிறகு, பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இல்லையென்றால் அந்த மண் சிலிண்டருக்குள் விழும். பிளக்கின் முனை லேசான பழுப்பாக இருந்தால் எரிதல் சரியாக இருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது: குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காற்றைக் குறைக்கும் சோக் சிக்கியிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். ஈரமாகப் பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் வந்தும் எரியவில்லை. ஸ்பார்க்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பலமுறை கிக்கர் உதைத்தும் முனை காய்ந்தே கிடந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. திரும்ப மாட்டும்போது விரலால் சில சுற்று மரை ஏற்றிய பிறகே ஸ்பானர். அந்த இடம் அலுமினியம், மரை போனால் லேத்துப் பட்டறைக்கு அலைய வேண்டும்.

அவனுக்கு ஒரு நோட்டும் கொடுங்கள். என்ன கோளாறு, எதைச் சந்தேகித்தான், எப்படிச் சோதித்தான், என்ன தெரிந்தது என்று எழுதட்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். மூன்றை மாற்றி வண்டி கிளம்பிவிட்டால் எது காரணம் என்றே தெரியாமல் போகும்.

சில இடங்களில் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றும் வேலை திறந்தவெளியில்தான், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. பிரேக் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே வண்டி நகரலாம். ஓட்டிப் பார்ப்பது அப்பா மட்டும். 18 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் சட்டத்தில் உண்டு. வாரண்டியில் இருக்கும் புது வண்டி எதையும் அவன் பிரிக்க வேண்டாம்.

"கடைசியில் மெக்கானிக்காகத்தான் ஆவானா?" என்று கேட்டீர்கள். ஆனால் என்னம்மா? அது மதிப்பான வேலை. அதுவும் இப்போது மாறிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்து, பெரும்பாலான புது பைக்குகளில் கார்புரேட்டர் இடத்தை, பெட்ரோலைக் கணக்காகத் தெளிக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பிடித்துக்கொண்டது. சென்சார், ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினி) என்று போகும் வண்டியில் காதால் கேட்டு மட்டும் கோளாறு சொல்ல முடியாது. மின்சார ஸ்கூட்டர் வந்த பிறகு மீட்டர் பிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் வேலை. பத்தாம் வகுப்பு இயற்பியலில் படித்த ஓம் விதி அவனுக்கு இங்கேதான் கைகொடுக்கும்.

படிப்பும் இதோடு நின்றுவிடாது. பத்தாவது தேறியவர்கள் ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் 2 ஆண்டு படிக்கலாம். முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு, டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் நேரடி இரண்டாம் ஆண்டு சேர வழி இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம்.

அவனாகவே நோட்டை எழுதி, மல்டிமீட்டரை விடாமல் பிடிக்கிறான் என்றால் இந்தப் பாதை அவனுக்குப் பொருந்தும். கழற்றிய வேகத்தில் சலித்துப் போட்டுவிட்டான் என்றால் பதினொன்றாம் வகுப்பிலேயே சேர்த்துவிடுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ. என்று முடிவு செய்தால் விண்ணப்பம் போடும் முன் அவனையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். பயிற்சிக் கூடத்தில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் இருக்கிறதா, கோளாறைக் காட்டும் ஸ்கேனர் கருவியை மாணவர்கள் கையில் கொடுக்கிறார்களா, போன வருடம் முடித்தவர்கள் எங்கே அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். கேள்வியை அவனே கேட்கட்டும்.