வயித்துவலின்னு சொன்னா நம்புங்க: பிள்ளைகளின் மனநலம், கேள்வி பதில்

அரசு மருத்துவமனை ஒன்றில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநலப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர் நான். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டு, பெயர், பள்ளி போன்ற அடையாளங்களை நீக்கியிருக்கிறேன். நாலு வரி படித்துவிட்டு இன்ன நோய் என்று முடிவு சொல்ல முடியாது. எதைக் கவனிக்க வேண்டும், எதைத் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்ல முடியும்.

கேள்வி (திருப்பூர், ஓர் அம்மா): பையன் மூணாவது படிக்கிறான். ஜூன்ல ஸ்கூல் திறந்ததுல இருந்து காலையில எழுந்தாலே வயித்துவலி, சில நாள் வாந்தி. ஸ்கேன், ரத்தம் எல்லாம் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமைன்னா வலியே வரதில்லை. நடிக்கிறான்னு வீட்டுக்காரர் அடிக்கிறார். என்ன பண்றதுன்னு தெரியலை மேடம்.

பதில்: முதலில் அடியை நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. பையனுக்கு வலிப்பது நிஜம். பயம் வந்தால் வயிறு பிசையும், குமட்டும். பெரியவர்களுக்கும் இது உண்டு. மனசு பதறுகிறது என்று எட்டு வயதில் சொல்லத் தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொள்ளத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை என்று கவனித்தீர்களே, அது ஸ்கேனை விட அதிகம் சொல்கிறது. ஞாயிறு சாயங்காலம் ஆக ஆக முகம் வாடுகிறதா என்றும் பாருங்கள். பள்ளியில் ஏதாவது இருக்கலாம்: அடிக்கிற டீச்சர், பாத்ரூம் போக விடாதது, வேனில் சீண்டும் பெரிய பையன்கள், எழுத்துக்கூட்டி வாசிக்க வராத அவமானம். பள்ளியில் எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் சண்டை நடந்திருந்தாலோ, யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்திருந்தாலோ, அம்மாவை விட்டுப் போகவே சில பிள்ளைகள் நடுங்குவார்கள். "நான் ஸ்கூல் போயிட்டு வரதுக்குள்ள எங்கம்மா செத்துப்போயிட்டா?" என்று என்னிடமே கேட்ட பிள்ளைகள் உண்டு. அடிக்கப் போகிற வேகத்தில் இருக்கும் அப்பாவிடம் இந்தக் கேள்வி வராது. இரவு விளக்கை அணைத்த பிறகு பக்கத்தில் படுத்துக்கொண்டு கேளுங்கள், வரும்.

பாவம் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு நாள் லீவுக்கும் பயம் இன்னும் கொஞ்சம் கூடும். தரதரவென்று இழுத்துப் போவதும் வேண்டாம். தலைமையாசிரியரிடம் முன்பே பேசிவிட்டு, முதல் இரண்டு மூன்று நாள் யூனிஃபார்ம் போட்டு கேட் வரை போய்த் திரும்புங்கள். அப்புறம் ஒரு பீரியட், நீங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருக்க. அது பழகியதும் மதியச் சாப்பாடு வரை. விட்டுவிட்டு வரும்போது நின்று நின்று திரும்பிப் பார்க்காமல், "மூணரைக்கு இதே கேட்ல நிப்பேன்" என்று சொல்லிவிட்டு நடங்கள். மூன்றரைக்கு அங்கே நிற்பதுதான் மருந்து, ஒரு நாளும் தவறக் கூடாது. இந்த வயதில் மாத்திரையை நாங்கள் முதலில் எடுப்பதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் அசைவே இல்லையென்றால் அழைத்து வாருங்கள், வாசிக்க வருகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

கேள்வி (சென்னை, ஓர் அப்பா): 10 வயசு பையன். ஏடிஹெச்டி (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) இருக்கலாம்னு ஸ்கூல்ல சொல்றாங்க. ஆனா மூணு மணி நேரம் கண் எடுக்காம கேம் ஆடறான். கவனம் இல்லாதவனால இது எப்படி முடியும்?

பதில்: கேமில் நொடிக்கு நொடி பரிசு கிடைக்கிறது சார், கணக்கு நோட்டில் அது இல்லை. ஏடிஹெச்டி உள்ள பிள்ளைக்குக் கவனம் இருக்கிறது. சலிப்பான வேலையில் அதைப் பிடித்து வைக்கத்தான் முடியவில்லை. ஆகவே கேமை வைத்து எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியாது. 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கிறதா, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா, வீடு, பள்ளி, டியூஷன் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிகிறதா என்று பார்ப்போம். காது, கண், தூக்கம் எல்லாம் சரிதானா என்பதும் முக்கியம். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் கவனியுங்கள். வகுப்பில் ஓடியாடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் இது இருக்கலாம். அவள் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை என்பதால் வருஷக்கணக்கில் யாரும் அழைத்து வருவதில்லை.

ஏடிஹெச்டிக்குத் தரும் மீதைல்ஃபெனிடேட் மருந்தைக் கண்டு நிறையப் பேர் பயப்படுகிறீர்கள். மருத்துவர் சொன்ன அளவில் வாய்வழியாகச் சாப்பிட்டால் பிள்ளை அதற்கு அடிமையாகிவிட மாட்டான். பசி குறையும், சிலருக்குத் தூக்கம் தள்ளிப்போகும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் உயரம், எடை, நாடித்துடிப்பு, பிரஷர் பார்க்கிறோம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள்.

கேள்வி (தென்காசி, ஆசிரியை): ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி வாரத்துக்கு இரண்டு முறை மயங்கி விழுகிறாள். கை கால் வெட்டி இழுக்கிறது. வீட்டில் பேய் என்று கோயிலுக்குக் கூட்டிப் போகிறார்கள். இப்போது இன்னும் இரண்டு பெண்கள் விழ ஆரம்பித்துவிட்டார்கள்.

பதில்: டீச்சர், முதலில் வலிப்பு நோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அடுத்த முறை விழும்போது யாராவது செல்போனில் ஒரு நிமிடம் படமெடுத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. மருத்துவர் பார்த்ததும், அதை வேறு யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள். வலிப்பில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், நாக்கு கடிபடலாம், சிறுநீர் போய்விடலாம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நாலு பேர் இருக்கும் இடத்தில் விழுந்து, நீண்ட நேரம் இழுத்தால் மன அழுத்தத்தால் வருவதாக இருக்கலாம். இதுவும் நடிப்பு இல்லை, அவள் வேண்டுமென்று செய்யவில்லை. வாயால் சொல்ல முடியாதது உடம்பு வழியாக வருகிறது.

விழுந்தால் கூட்டம் கூட விடாதீர்கள். கையில் இரும்பைத் திணிப்பது, மூக்கில் வெங்காயம் வைப்பது, கன்னத்தில் தட்டுவது எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் எந்த வகை என்று யோசிக்காமல் 108. மற்ற இரண்டு பெண்களையும் தனித்தனியாகப் பாருங்கள். பரபரப்பு அடங்கினால் அவர்களுக்குச் சீக்கிரமே நின்றுவிடும்.

முதல் பெண்ணிடம், தெளிந்த பிறகு, தனியாகப் பேசுங்கள். படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சு எடுத்திருக்கிறார்களா, வீட்டில் குடியும் அடியுமா, யாராவது தொடக் கூடாத விதத்தில் தொடுகிறார்களா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி நீங்கள் புகார் கொடுத்தே ஆக வேண்டும்; 1098 சைல்டுலைனில் எப்படி என்று வழிகாட்டுவார்கள்.

கோயிலுக்குப் போவதை நான் தடுப்பதில்லை. விபூதி பூசிக்கொண்டு வரும் பெண்ணுக்கும் சிகிச்சை தரலாம். ஆனால் கட்டி வைப்பதும், வேப்பிலையால் அடிப்பதும், பட்டினி போடுவதும் கூடவே கூடாது. மனநோய் தீர வேண்டி மக்கள் வரும் தர்கா உள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். அவர்களையும் அன்போடு கூட்டிவந்து விட்ட குடும்பங்கள் இருந்தன. பெற்றோரிடம் இதைச் சொல்ல நீங்கள் தயங்க வேண்டாம்.

கேள்வி (யாழ்ப்பாணம், ஓர் அம்மா): மகளுக்கு அஞ்சு வயசு. வீட்டில நல்லாக் கதைப்பாள். பள்ளிக்கூடத்தில நாலு மாசமா ஒரு சொல்லும் கதைக்கிறாளில்லை.

பதில்: புதுப் பள்ளியில் முதல் மாதம் பேசாமல் இருப்பதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. நாலு மாதம் என்பது காட்ட வேண்டிய காலம். காது கேட்கிறதா என்று ஒருமுறை பரிசோதியுங்கள். பிறகு, பள்ளி விட்டதும் வெறும் வகுப்பறையில் நீங்களும் அவளும் மட்டும் இருந்து விளையாடுங்கள். அங்கே குரல் வந்ததும் ஒரு சிநேகிதியைச் சேருங்கள், பிறகு டீச்சரை. "கதைச்சால் சொக்லேட்" வேண்டாம். கதைத்துவிட்டால் எல்லோரும் கைதட்டுவதும் வேண்டாம், அது அவளை மறுபடி மூடிவிடும். இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண் இருக்கிறது.

கேள்வி (மதுரை, ஓர் அம்மா): பொண்ணு பத்தாவது. வெயில்லயும் முழுக்கை சட்டைதான். நேத்து தூங்கும்போது பார்த்தேன், இடது கையில பிளேடு கோடு கோடா. கேட்டா எரிஞ்சு விழறா. அவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவார்.

பதில்: பார்த்ததை மறைக்காதீர்கள். "கையைப் பார்த்தேன், திட்ட மாட்டேன், ரொம்ப வலிக்குதா மனசு?" என்று தொடங்கலாம். தலையில் அடித்து சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் பண்ணிய பிள்ளை கையை விட்டுத் தொடையில் கீறும், அவ்வளவுதான் மாறும். பெரும்பாலும் தாங்க முடியாத வேதனையைக் கொஞ்ச நேரம் அடக்கத்தான் கீறுகிறார்கள், சாவதற்காக அல்ல. ஆனால் இப்படிச் செய்யும் பிள்ளைகளுக்குத் தற்கொலை ஆபத்து கூடுதல். ஆகவே கேட்டே ஆக வேண்டும்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்டால் பிள்ளைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

பதில் எதுவானாலும் இன்றைக்கே பூச்சிமருந்து, எலிமருந்து, தாத்தாவின் சுகர், பிரஷர் மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள், முடியாததைப் பூட்டி வையுங்கள். அந்த வேகம் வந்து போகிற நேரம் பல சமயம் குறைவு, அப்போது கைக்கு எதுவும் எட்டக் கூடாது.

எரிந்து விழுவதைத் திமிர் என்று எண்ண வேண்டாம். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வருவதை விடக் கோபமாக வருவது சாதாரணம். தூக்கம், சாப்பாடு, தோழிகள், முன்பு பிடித்த விஷயங்கள், இவை இரண்டு வாரத்துக்கு மேல் மாறியிருந்தால் கட்டாயம் காட்டுங்கள். லேசானதாக இருந்தால் பேச்சு சிகிச்சையே போதும். கடுமையாக இருந்தால் ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரையும் சேரும். அது வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004இல் எச்சரித்தது. அதனால் அந்த வாரங்களில் அடிக்கடி வரச் சொல்வோம், நீங்களும் இரவில் அவள் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள். சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அவள் அப்பாவை என்னிடம் அழைத்து வாருங்கள். அவரிடம் நாங்கள் பேசுகிறோம்.

கேள்வி (பலர்): ஒருமுறை மனநல டாக்டரிடம் போனால் பின்னாடி கல்யாணம், வேலைக்குப் பிரச்சினை வருமா?

பதில்: வராது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிகிச்சை விவரங்கள் ரகசியம். பள்ளிக்கோ பக்கத்து வீட்டுக்கோ நாங்கள் சொல்ல மாட்டோம்.

கேள்வி (17 வயது, ஊர் வேண்டாம்): நீட் ரெண்டாவது தடவை எழுதப் போறேன். மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது, படிக்கிறது எதுவும் நிக்கலை. அப்பா கடன் வாங்கி கோச்சிங் சேர்த்தார். நான் இல்லன்னா அவங்களுக்கு நிம்மதின்னு தோணுது. வீட்டுக்குத் தெரியாம டாக்டரைப் பார்க்க முடியுமா?

பதில்: தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. மூன்று மணி விழிப்பு, படித்தது நிற்காதது, "நான் இல்லன்னா நிம்மதி" என்பது, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மனச்சோர்வின் அடையாளங்கள். உன் மூளையோ உழைப்போ குறைந்துவிடவில்லை. அந்த நினைப்பும் நோய் சொல்வதுதான், உன் அப்பா அப்படிச் சொல்லவில்லை.

இதைப் படித்து முடித்ததும் 14416க்குப் பேசு. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் அது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், யார் அனுமதியும் வேண்டாம். எப்படிச் சாவது என்று மனசு திட்டம் போடத் தொடங்கினால் தனியாக இருக்காதே. யாரையாவது எழுப்பு, இல்லையென்றால் 108.

மருத்துவரிடம் தனியாக வந்து பேசலாம். ஆனால் 18 வயதாகும் வரை மாத்திரை தொடங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். உன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினாலும் அவர்களிடம் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்பதை உன்னோடு சேர்ந்தே முடிவு செய்வோம். அதற்கு முன் சித்தியோ மாமாவோ ஒரு டீச்சரோ, உன்னைத் திட்டாமல் கேட்கும் ஒருவரைத் தேர்ந்தெடு. சொல்ல வாய் வரவில்லையென்றால், எனக்கு எழுதிய இதே வரிகளை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு, ஓபி காலையில் நடக்கும். சீட்டு போடும் இடத்தில் என்னவென்று கேட்டால் "தூக்கம் வரலை" என்று மட்டும் சொன்னால் போதும். மிச்சத்தை உள்ளே வந்து பேசிக்கொள்ளலாம்.