அக்கா எங்கும் போகிறவள் இல்லையா?

கேள்வி:

எனக்கு 38 வயது. கோத்தகிரிக்குப் பக்கத்துக் கிராமம். கோவையில் மென்பொருள் வேலை. சின்ன வயதிலிருந்தே பறவைப் பைத்தியம். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அக்கா என்னை லாங்வுட் சோலைக்குக் கூட்டிப்போனதில் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள சாவோ தோமே பிரின்சிபே என்ற தீவு நாட்டுக்கு மூன்று வாரம் போக வேண்டும் என்பது பல வருடக் கனவு. கடலாமைகள் முட்டையிட வரும் சமயம் என்பதால் நவம்பரில் போக லீவு போட்டிருக்கிறேன். காடு, பறவைகள், பழைய கொக்கோ எஸ்டேட்டுகள் எல்லாம் பார்க்க வேண்டும். எங்கள் தாத்தா இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர் என்பதால் அந்த எஸ்டேட்டுகளின் கதை எனக்கு நெருக்கமானது. செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன். நவம்பர் சரியா? எந்த வழியாகப் போவது? என்னென்ன முன்னேற்பாடு வேண்டும்? வீட்டைப் பற்றிக் கவலை இல்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கிறார், அக்கா பார்த்துக்கொள்கிறாள். ஒன்றரை ஏக்கர் தேயிலையும் அவள் பொறுப்புதான். அவள் எங்கும் போகிறவள் இல்லை. நான் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன். இருந்தாலும் மனதில் லேசாக ஒரு குற்ற உணர்ச்சி. அது தேவையில்லை என்று நீங்கள் சொன்னால் நிம்மதியாகக் கிளம்புவேன்.

பதில்:

அன்புள்ள தம்பி,

தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். லேசான குற்ற உணர்ச்சி என்கிறீர்கள். அது லேசாக இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு இதே போன்ற கடிதங்கள் நிறைய வருகின்றன. ஒருவருக்குத் துபாயில் வேலை, ஒருவருக்கு இமயமலைப் பயணம், உங்களுக்குத் தீவு. கடிதத்தின் கடைசியில் வீட்டில் ஒரு அக்காவோ தங்கையோ இருப்பார். அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் அதற்கு மேலே இன்னொரு வரியும் எழுதிவிட்டீர்கள்: "அவள் எங்கும் போகிறவள் இல்லை."

உங்கள் கடிதத்தில் அக்கா மூன்று இடத்தில் வருகிறார். சோலைக்குக் கூட்டிப்போனவர். அம்மாவைப் பார்த்துக்கொள்பவர். எங்கும் போகாதவர். முதலில் வந்த அக்கா எப்படிக் கடைசியில் வந்த அக்கா ஆனார் என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? ஐந்தாம் வகுப்புப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, அட்டை கடிக்கும் பாதையில், ஒரு குருவியைக் காட்டுவதற்காக நடந்த பெண் அவர். உங்களுக்கு இந்தப் பைத்தியம் தொற்றியதே அவரிடமிருந்துதான். அப்படிப்பட்டவருக்கு எங்கும் போகப் பிடிக்காது என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள்? அவரால் போக முடியவில்லை. நீங்கள் அதை அவருடைய குணம் என்று எழுதிவிட்டீர்கள்.

சில கேள்விகள் கேட்கிறேன், எனக்குப் பதில் எழுத வேண்டாம். அக்கா கடைசியாக வேறொரு வீட்டில் படுத்துத் தூங்கியது எப்போது? அவருக்குக் காய்ச்சல் வந்தால் அம்மாவை யார் தூக்கி உட்கார வைக்கிறார்கள்? அவரிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா? படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் புண் வந்துவிடும். மூன்று வருடமாக அந்த அம்மாவுக்குப் புண் வராமல் இருக்கிறது என்றால், மூன்று வருடமாக ஒருவர் முழு இரவு தூங்கவில்லை என்று அர்த்தம். விடிந்தால் தேயிலை. இலை எடுக்க ஆள் கிடைக்காத நாளில் யார் போகிறார்கள்? ஃபேக்டரியில் விலை இறங்கும்போது யார் போய்ப் பேசுகிறார்கள்?

நீங்கள் இணைத்த செலவுக் கணக்கைப் பார்த்தேன். நல்ல ஒழுங்கோடு போட்டிருக்கிறீர்கள். வழிகாட்டிக்கு நாள் கூலி, சுமை தூக்குபவருக்குக் கூலி, லென்ஸுக்கு இன்ஷூரன்ஸ், நனையாத பை எல்லாம் இருக்கின்றன. அந்த மூன்று வாரமும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அக்காவுக்குத் துணையாக ஒரு ஆளை வைத்து, அவருக்குச் சம்பளம் என்று ஒரு வரி இல்லை. முன்பின் தெரியாத ஊரில் பையைத் தூக்குபவரின் உழைப்புக்கு விலை உண்டு என்று தெரிந்த உங்களுக்கு, அம்மாவைத் தூக்குகிறவரின் உழைப்பு கண்ணில் படவே இல்லை. மாதாமாதம் அனுப்புகிற பணம் மருந்துக்கும் மளிகைக்கும் போகிறது. அதில் அக்காவின் கைக்குச் செலவுக்கென்று எவ்வளவு மிஞ்சும்?

கொக்கோ எஸ்டேட்டுகள் உங்கள் மனதுக்கு நெருக்கமானவை என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் பேசிவிடுவோம். ரோசா என்று அங்கே சொல்கிற அந்தத் தோட்டங்கள் ஒரு காலத்தில் உலகத்துக்கே கொக்கோ கொடுத்தவை. அந்தத் தீவுகளை ஆண்ட போர்ச்சுகல் சட்டப்படி அடிமை முறையை ஒழித்த பிறகும், ஆப்பிரிக்கக் கரையில் தன் ஆட்சியில் இருந்த அங்கோலாவிலிருந்து ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம் என்று தாளில் இருந்தது. கெடு முடிந்தபோது அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அவர்களைக் கேட்காமலே ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே போனார்கள். ஊர் திரும்பியவர்கள் அனேகமாக இல்லை. விஷயம் வெளியே தெரிந்து, 1909-ல் காட்பரி முதலான இங்கிலாந்துச் சாக்லேட் கம்பெனிகள் அந்தக் கொக்கோவை வாங்குவதை நிறுத்தின. உங்கள் தாத்தா காலத்துக் கதையும் தெரியும்தானே. 1964-ல் இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து மக்களில் யார் எங்கே போவது என்று தீர்மானித்தன. அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்கள் பட்டதும் அக்கா படுவதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பட்டது மிகப் பெரிய கொடுமை. ஆனால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த அந்த லயங்களின் முன்னால் நின்று கண் கலங்கப்போகிற நீங்கள் இதை யோசிக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று, கொஞ்ச நாள் நீ பார்த்துக்கொள் அக்கா என்று யாராவது சொல்லியிருப்பீர்கள். அந்தக் கொஞ்ச நாள் எப்போது முடிந்தது? முடிந்தபோது அவரைக் கேட்டீர்களா?

பெற்றவளைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. முதியோர் இல்லத்தில் விடுங்கள் என்று நான் யாருக்கும் எழுதியதில்லை. ஆனால் பிள்ளைகள் என்றால் எல்லாப் பிள்ளைகளும்தான். கல்யாணம் ஆகாத மகள் தலையில் வேலையை வைத்துவிட்டு, மகன் பணம் அனுப்புவதைக் கடமை என்று ஊர் ஒத்துக்கொள்ளும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மாவுக்குக் குளிப்பாட்டி, துணி மாற்றி, மலம் துடைப்பது ஆண்பிள்ளைக்கு எப்படி என்று கேட்பீர்களானால், அக்காவும் அதைக் கற்றுக்கொண்டுதான் செய்கிறார். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தால் அந்த வேலைக்கு மட்டும் ஒரு பெண்மணியைச் சம்பளத்துக்கு வையுங்கள், மற்றதை நீங்கள் செய்யுங்கள்.

இனி நவம்பர். உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டுமா? கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாக அடிக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள், பாதைகள் துண்டிக்கப்பட்டன. மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்ட ஒரு ராத்திரியில் அம்மாவுக்கு மூச்சு முட்டினால், அக்கா யாரைக் கூப்பிடுவார்? நீங்கள் அப்போது பூமத்திய ரேகைப் பக்கம் சிக்னல் இல்லாத காட்டுக்குள் இருப்பீர்கள். வருடத்தில் எந்த மாதத்தில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டுமோ, அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்து ஊரை விட்டுப் போகிறீர்கள்.

தீவுக்கும் அது நல்ல மாதம் இல்லை. அங்கே அக்டோபர், நவம்பரில் மழை கொட்டும். ஆமைகள் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை தெற்குக் கடற்கரைகளுக்கு வந்துகொண்டிருக்கும், நவம்பரில் போனால்தான் உண்டு என்பதில்லை. ஜனவரி, பிப்ரவரியில் மழை சற்று ஓயும், ஆமையும் இருக்கும். உங்கள் பக்கத்திலும் அப்போது வறட்சி, பனி. இலை வரத்து குறைவு, தோட்டத்து வேலையும் குறைவு. ஆமை வேண்டாம், திமிங்கலம் போதும் என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை போகலாம். கிராவானா என்று அவர்கள் சொல்கிற வறண்ட பருவம் அது; காட்டுப் பாதையும் சேறு குறைவாக இருக்கும்.

உங்கள் நீலகிரி மாவட்டத்தில் பாதிகூட இல்லாத நாடு அது, இரண்டு தீவும் சேர்ந்து சுமார் 1,000 சதுர கிலோமீட்டர். அதற்குள் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவைகள் இருபதுக்கும் மேல். 1991-ல் திரும்பக் கண்டுபிடிக்கும்வரை அழிந்துபோனதாகவே நினைத்திருந்த தடித்த அலகுக் குருவி ஒன்றும் அங்கே இருக்கிறது. குள்ள அரிவாள் மூக்கன் என்ற பறவையையும் அதையும் பார்க்கத் தென்மேற்குத் தாழ்நிலக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் நடக்காது. பிரின்சிபேக்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள். 2022-ல் புதிதாகப் பெயர் வைத்த குட்டி ஆந்தை அங்கே மட்டும்தான். சாவோ தோமேக் காட்டில் கருநாகம் உண்டு, கம்பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். மலேரியாவும் உண்டு, மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கள். நோய் முற்றினால் போர்ச்சுகலுக்கு அனுப்புகிற ஊர் அது. உங்கள் கணக்கில் லென்ஸுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, உங்கள் உடம்புக்கு இல்லை. அவசரத்துக்கு விமானத்தில் தூக்கிப்போவதையும் சேர்த்து எடுங்கள்.

வழி என்றால், லிஸ்பன் ஒன்று, அங்கோலாவின் லுவாண்டா ஒன்று. லிஸ்பன் என்றால் ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா வேண்டுமா என்பதை டிக்கெட் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். லுவாண்டா என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் போடுங்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். ஆறு நாள் உங்களுக்கு லீவு போகும், அக்காவுக்கு வேலை கூடும். கையில் யூரோ நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், கார்டை நம்ப வேண்டாம்.

இவ்வளவும் சொன்னேன் என்பதால் கிளம்பச் சொல்லிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போகலாம், பறவை பார்க்க ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. முதலில் அக்கா போக வேண்டும்.

நவம்பருக்குப் போட்ட லீவை ரத்து செய்யாதீர்கள். மூன்று வாரமும் வீட்டில் இருங்கள். அதற்கு முன்னால் அக்டோபரில் சனி, ஞாயிறுகளில் போய் எந்த மாத்திரை எந்த நேரம், எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, சாதம் எவ்வளவு குழைய வேண்டும் என்று அக்காவிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். அம்மாவின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீங்களே போய்ப் பதியுங்கள். துணைக்கு ஒரு ஆளைத் தேடுங்கள். அவர் உங்கள் லீவு முடிந்த பிறகும் தொடரட்டும், சம்பளம் உங்களுடையது.

அக்காவிடம் எங்கே போக ஆசை என்று கேளுங்கள். நீங்களாக ஒரு ஊரைச் சொல்லாதீர்கள். எனக்கென்ன, எங்கேயும் வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வார். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த வாரம் திரும்பக் கேளுங்கள், அதற்கடுத்த வாரமும் கேளுங்கள். ராமேஸ்வரம் என்பார், தோழி வீடு என்பார், பத்து நாள் தூங்க வேண்டும் என்றும் சொல்லக்கூடும். உன் கூடத் தீவுக்கு வருகிறேன் என்று சொன்னால் லென்ஸை விற்றாவது கூட்டிப்போங்கள். பாஸ்போர்ட்டுக்கு இந்த வாரமே விண்ணப்பித்து வையுங்கள், அவர் என்ன சொன்னாலும் அது கையில் இருக்கட்டும். அவர் போன பிறகு வீட்டிலிருந்து போன் செய்து அந்த டப்பா எங்கே, இந்தச் சீட்டு எங்கே என்று கேட்கக் கூடாது.

பிப்ரவரிப் பயணத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் தீவு அடுத்த வருடம்.