ஆயில் பிரஷர் முள் உச்சியிலேயே நிற்பது பற்றி

வணக்கம் ஐயா. ஆயில் மாற்றியபின், ஏலகிரி ஏறி இறங்கி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் தங்கள் டீசல் ஜீப்பின் ஆயில் பிரஷர் முள் உச்சியிலேயே நிற்பதாக எழுதியிருந்தீர்கள். எஞ்சினைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். முதலில் எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். அழுத்தமே இல்லாத அந்நிலையிலும் முள் உச்சிக்குப் போனால், கோளாறு சென்சாரிலோ வயரிலோ மீட்டரிலோதான் இருக்கிறது. முள் பூஜ்யத்தில் நின்றால், சென்சாரைக் கழற்றி அதே துளையில் மெக்கானிக்கல் கேஜைப் (மின்சாரம் இல்லாமல் அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் மீட்டர்) பொருத்தி, சூடான எஞ்சினில் அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். அதிலும் மிகுதியாகவே காட்டினால், 15டபிள்யூ-40 என்ற தர ஆயில் ஊற்ற வேண்டிய எஞ்சினுக்கு, வேலூர் வெயிலை நினைத்து யாரேனும் இன்னும் கெட்டியான ஆயிலை ஊற்றினார்களா என்று விசாரியுங்கள் (இங்கே அது வழக்கம்தான்). ஆயிலும் சரியென்றால், அழுத்தம் மிகும்போது திறந்து அதைக் குறைக்கும் ரிலீஃப் வால்வு மூடியபடியே சிக்கியிருக்கலாம். மிகையான அழுத்தத்தில் ஃபில்டரின் சீல் பிதுங்கி ஆயில் கொட்டிவிடும் என்பதால், வால்வைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.